வேட்பாளருக்கு வேண்டிய தகுதி

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தமிழகத்தின் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 489 பேரூராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது. மனுத் தாக்கல் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்தபின் நம் மஹல்லாக்காரர் ஒருவர் என் அறைக்கு வந்தார். கையில் வேட்புமனுப் படிவம் இருந்தது.

"ஹள்ரத், வார்டு மெம்பருக்கு நிற்கலாம் என்றிருக்கிறேன். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. மார்க்கப்படியும் தடை ஒன்றும் இல்லையே? துஆச் செய்யுங்கள்" என்றார்.

துஆச் செய்தேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்: "நகராட்சியில் கால்வாய்க் காண்ட்ராக்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மச்சான் பெயருக்கு மாற்றிவிடுகிறேன். அந்தத் தொந்தரவும் இருக்காது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது.

சட்டம் என்ன கேட்கிறது? வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நகராட்சியின் ஊழியராக இருக்கக்கூடாது. நகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருக்கக்கூடாது. நகராட்சியோடு நடப்பு ஒப்பந்தத்தில் பங்கு இருக்கக்கூடாது. சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும்.

சகோதரர்களே! இவற்றில் எது நமக்குப் புதியது? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை அனுப்பும்போதே அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்து எழுதி வைப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். ஊர்ப் பணத்தைச் செலவிடுகிறவனும், அந்தப் பணத்தைக் கூலியாகப் பெறுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் அமானிதம் என்னாகும்? ஒப்பந்தக்காரர் உறுப்பினராகக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுதான். காரணத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் விதி நிறைவேறிவிடுமா?

சனிக்கிழமை மீன் பிடிக்கத் தடை செய்யப்பட்ட சமுதாயத்தின் சரித்திரம் அஃராஃப் அத்தியாயத்தில் வருகிறது. அவர்கள் முதல் நாளே வலை விரித்து வைத்து, சனிக்கிழமை மீன் சிக்கவிட்டு, மறுநாள் எடுத்துக்கொண்டார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கம் தருகிறார்கள். ஏட்டளவில் அவர்கள் சனிக்கிழமை மீன் பிடிக்கவில்லை! ஆனால் அல்லாஹ்விடம் அந்தத் தந்திரம் செல்லவில்லை. மச்சான் பெயரில் ஓடும் காண்ட்ராக்டும் அப்படி விரித்து வைத்த வலைதான்.

இனி, சட்டம் கேட்காத தகுதிக்கு வருவோம். 'வேட்பு' என்றால் விருப்பம். வேட்பாளர் என்றால் விரும்புகிறவர். தாமே விரும்பி, தாமே கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால்தான் இந்நாட்டில் தேர்தலில் நிற்க முடியும். நம் மார்க்கத்திலோ பதவியைக் கேட்டுப் பெறுவதே அஞ்சத்தக்க காரியம். கேட்டுப் பெற்றவர் அந்தப் பொறுப்பிடமே விடப்படுவார், கேளாமல் வந்தால் அல்லாஹ்வின் உதவி கிடைக்கும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு உபதேசித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளார்கள். அப்படியானால் முஸ்லிம் தேர்தலில் நிற்கவே கூடாதா?

அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள். ஆனால் எப்படிக் கேட்டார்கள்? குலத்தையோ செல்வத்தையோ சொல்லவில்லை. பாதுகாக்கத் தெரியும், அதன் விவரம் அறிவேன் என்ற இரண்டை மட்டுமே சொன்னார்கள். பஞ்சம் வருவதை அறிந்திருந்தார்கள். மக்கள் பட்டினியால் மடியாமல் காப்பதே அவர்கள் நோக்கம். தகுதியான வேறு ஆள் இல்லாமல் மக்களின் உரிமை பாழாகும் என்றிருந்தால், தகுதியுள்ளவர் முன்வருவது ஆசையில் சேராது என்று உலமாக்கள் இதிலிருந்து சட்டம் எடுத்துள்ளார்கள்.

இன்னொரு பக்கம் அபூதர் (ரலி) அவர்களைப் பாருங்கள். வணக்கத்திலும் வாய்மையிலும் அவர்களுக்கு ஈடு சொல்ல முடியுமா? அவர்கள் பொறுப்புக் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் தோளில் தட்டி, நீர் பலவீனர், அதுவோ அமானிதம், உரிமையோடு பெற்று அதன் கடமையை நிறைவேற்றியவருக்கன்றி மற்றவருக்கு அது மறுமையில் இழிவும் வருத்தமும் ஆகும் என்ற பொருள்பட அறிவுறுத்தினார்கள். இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். தொழுகையாளி, நல்ல மனிதர் என்பது மட்டும் போதாது என்பது இதிலிருந்து விளங்குகிறது. கால்வாய் எங்கே அடைக்கிறது, குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு வரவில்லை, வரவு செலவுத் திட்டத்தை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஆற்றலும் நம்பிக்கையும் இரண்டுமே வேண்டும்.

இந்தக் கேள்வி நிற்பவரோடு முடியவில்லை. படிவத்தில் முன்மொழிபவருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த வார்டின் வாக்காளர் ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும். அது என்ன? 'இவர் தகுதியானவர்' என்று சொல்லும் ஷஹாதத், சாட்சியம்! மச்சான், சம்பந்தி, கடைக்காரர் என்று முகத்துக்காகப் போடும் கையெழுத்து பொய்ச் சாட்சியில் சேராதா? வாக்குச் சீட்டும் அவ்வாறே. கைமடக்கு வாங்கிக்கொண்டு போடும் வாக்கு, விலைக்கு விற்ற சாட்சியம்.

நம் வீட்டுத் தாய்மார்களுக்கும் ஒரு சொல். தமிழக உள்ளாட்சிகளில் சரிபாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் செய்யப்பட்டது. பெண்கள் பொறுப்பேற்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இப்போது நான் போகவில்லை. ஆனால் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், ஆசை கணவனுடையதாகவும் கையெழுத்து மனைவியுடையதாகவும் ஆகிவிடுகிறதே, அது எந்த அறிஞரின் கருத்து? உறுதிமொழிப் பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். மறுமையில் விசாரிக்கப்படுவதும் நீங்கள்தான். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் அவரை உட்கார வைத்து இவற்றைச் சொன்னேன். "பாய், காண்ட்ராக்ட் ஹலாலான தொழில். மக்கள் பணியும் நல்ல அமல். இரண்டையும் ஒரே கையில் வைக்காதீர்கள். காண்ட்ராக்டை மெய்யாகவே விட்டுவிட முடியுமானால் நில்லுங்கள். அதற்கு முன் இன்னொன்றும் யோசியுங்கள். உங்களைவிடத் தகுதியானவர் இந்த வார்டில் இருந்து, அவர் நிற்கத் தயார் என்றால், அவருக்காக வீடு வீடாகப் போவீர்களா? போவேன் என்று உங்கள் உள்ளம் சொன்னால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தத் தேர்தலில் அவர் மனுச் செய்யவில்லை. காண்ட்ராக்ட் வேலையைத் தம் பெயரிலேயே ஒழுங்காக முடித்தார். மெம்பராகியிருந்தால் அவருக்கு என்ன மதிப்புத் தந்திருப்பேனோ, அதைவிட அதிக மதிப்பு இன்று என் உள்ளத்தில் அவருக்கு உண்டு.

படிவத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி தாளில் உள்ளதைத்தான் பார்ப்பார். உள்ளத்தில் உள்ளதைப் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான். நிற்கிறவர், முன்மொழிகிறவர், வாக்களிக்கிறவர் அனைவருக்கும் அமானிதத்தைப் பேணும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.