மூன்றாவது துளை

வீட்டின் பின்பக்கம், கறிவேப்பிலை மரத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை கட்டினேன். ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரக் கூரை. மரக் கடைசலுக்காக. கோவையில் லேத் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சத்தத்தைத் தாண்டிப் படித்து மேலே போக வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அப்படிப் போய், பகலெல்லாம் திரையில் உருவமில்லாத ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறவனுக்கு, முப்பத்தாறு வயதில் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு கிண்ணமாவது கடைய வேண்டும் போலிருந்தது.

சுவர் எழும்பிய நாளிலிருந்து வயரிங்கைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் படித்தது எலக்ட்ரிக்கல். வேலை பார்ப்பது மென்பொருளில். படித்ததற்குக் கடைசியில் ஒரு உபயோகம் வந்துவிட்டது என்ற சந்தோஷம். எக்செல் ஷீட்டில் எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். விளக்குக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், மெஷினுக்கு 2.5. விளக்கு ஒரு லைனில், மெஷின் வேறொரு லைனில். மெஷின் பக்கம் ஏதாவது ட்ரிப் ஆனாலும் விளக்கு அணையக் கூடாது. சுற்றிக்கொண்டிருக்கும் மரத்துக்கு முன்னால், கையில் உளியோடு திடீர் இருட்டில் நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை.

விளக்கு விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனேன். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பூஜ்ஜியத்தைத் தொடும். அதனால் சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. மட்டமான டிரைவர் வைத்த எல்இடியும் அப்படித்தான். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் லேத் 1500 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. விளக்கின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் சரியாகக் கால் சுற்று. மரத்தைப் பிடித்திருக்கும் சக்குக்கு நான்கு தாடைகள். கால் சுற்று திரும்பினால், முதல் தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்து நிற்கும். பார்க்கிறவனுக்குச் சக் ஓடாமல் நிற்பதுபோலத் தோன்றும். 1440இல் ஓடினால் இன்னும் விசித்திரம், நொடிக்கு ஒரு சுற்றாக நிதானமாகப் பின்னோக்கித் திரும்புவதுபோலத் தெரியும். சத்தம் காட்டிக்கொடுக்குமே என்பீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனும் தூசி உறிஞ்சும் மெஷினும் சேர்ந்து ஓடும் அறையில் எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரிப்பது கஷ்டம். தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த டியூப்களை வெவ்வேறு ஃபேஸில் கொடுப்பார்கள், ஒன்று மங்கும் நேரத்தில் இன்னொன்று எரியட்டும் என்று. நான் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு எல்இடிக்குக் கீழேயும் பேனாவை வேகமாக ஆட்டிப் பார்த்து வாங்கினேன். துடிக்கிற வெளிச்சமாக இருந்தால் பேனா துண்டு துண்டாகத் தெரியும். நல்ல விளக்கில் ஒரே தீற்றலாகத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஆபத்தை முன்கூட்டியே யோசிக்கிற ஆள் என்று என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது என்பதைக் காட்டத்தான்.

எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளில் பைப் எல்லாம் ஓட்டி முடித்த பிறகு கேட்டார்:

"தம்பி, எர்த் வீட்டுல இருந்தே எடுத்துக்கலாங்களா, புதுசா குழி போடலாங்களா?"

"வீட்டுலதான் எர்த் இருக்குதுங்களேண்ணா."

"இருக்குதான்னு பாத்துரலாமுங்க."

ஹோல்டரில் பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்பை எடுத்து வந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். எரியவில்லை. ஹாலில் பார்த்தார், சமையலறையில் பார்த்தார், பாத்ரூம் ஹீட்டர் பாயின்ட்டில் பார்த்தார். எங்கேயும் எரியவில்லை. வாசல் பக்கம் போய் மண்ணைத் தள்ளி எர்த் குழியின் சிமென்ட் மூடியைத் தூக்கினோம். ஜிஐ பைப்பின் தலை இருந்தது. அதில் முடுக்கியிருந்த கம்பி எப்போதோ துரு ஏறி இற்று, விலகிக் கிடந்தது.

த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். மற்ற இரண்டையும்விட அது நீளம். பிளக்கைச் சொருகும்போது அதுதான் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாட்களில் அந்தக் கம்பிக்கு வேலையே கிடையாது. மெஷினின் உலோக உடம்புக்குள் எங்காவது மின்சாரம் கசிந்தால், நம் உடம்பைத் தேடிப் போகாமல் மண்ணுக்குப் போக அது ஒரு வழி, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது துளை எல்லா சாக்கெட்டிலும் இருந்தது. உள்ளே பச்சை வயரும் சுவர் முழுக்க ஓடியது. கடைசி முனை மட்டும் மண்ணில் இல்லை.

அண்ணன் சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார், "ஏனுங்கக்கா, கிரைண்டர் சுள்ளுனு அடிக்குமே?"

அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள், "அடிக்குமுங்க. ஈரக் கையோட தொட்டா அடிக்கும். பலகை போட்டு நின்னுக்குவேன். பழகிப்போச்சு."

அந்தப் பலகையை எனக்குத் தெரியும். கிரைண்டருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பழைய மணைப்பலகை. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வந்திருந்தேன். கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அம்மா சொன்னாள். நான் டெஸ்டரை எடுத்துக் கிரைண்டரின் உடம்பில் வைத்தேன். உள்ளே நியான் செம்மஞ்சளாக எரிந்தது. எனக்கு அது ஒரு சின்ன வெற்றி, பாடத்தில் இருந்தது வீட்டிலும் நடக்கிறது. "லீக்கேஜ் கரண்ட்மா. உன் உடம்பு வழியா தரைக்குப் போகுது. கீழ ஏதாச்சும் கட்டை போட்டு நின்னுக்கோ." நான் சொன்னது தப்பில்லை. அறிவியல்படி முழுக்கச் சரி. அம்மா பலகையைக் கொண்டுவந்து போட்டாள். நான் விடுதிக்குத் திரும்பினேன். அந்தப் பருவத் தேர்வில் எர்த்திங் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்து, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுக் காட்டினேன்.

அதன் பிறகு பதினேழு வருடம் அம்மா பலகையில் நின்று மாவாட்டினாள். இட்லியைச் சாப்பிட்டவன் நான்.

தெரிந்தும் செய்யாமல் இருக்கிறவனுக்கு உண்மையில் தெரியுமா? இது பழைய கேள்வி. ஒருவன் தெரிந்தே தவறு செய்வதில்லை, செய்கிறான் என்றால் அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள் என்பது சாக்ரடீஸின் கட்சி. அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய அறவியலின் 7ஆவது புத்தகத்தில் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார். அறிவை வைத்திருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. தூங்குகிறவனிடமும் குடித்தவனிடமும் அறிவு ஒருவகையில் இருக்கத்தான் செய்கிறது. குடித்தவன்கூட எம்பிடோக்ளிஸின் வரிகளை ஒப்பிப்பான். புதிதாகப் படிக்கிற மாணவனும் வார்த்தைகளைச் சரியாகக் கோத்துவிடுவான், ஆனால் அது அவனோடு சேர்ந்து வளர்ந்து ஒட்ட வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்கிறார். பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்த மாணவனை இதைவிடச் சரியாக யாரும் பிடித்ததில்லை.

ஆனாலும் ஒரு இடம் எனக்குப் பொருந்தவில்லை. அரிஸ்டாட்டிலின் மனிதன் ஆசையால் இழுக்கப்படுகிறவன். சாப்பிடக் கூடாது என்று தெரியும், நாக்கு இழுக்கிறது, சாப்பிடுகிறான். என்னை எதுவும் இழுக்கவில்லை. அம்மாவுக்கு ஷாக் அடிப்பதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. சோம்பல் என்றுகூடச் சொல்ல முடியாது, அதே நான்தான் ஒரு எல்இடிக்காக ஆறு கடை ஏறி இறங்கினேன். வித்தியாசம் ஒன்றே ஒன்று. லேத்துக்கு முன்னால் நிற்கப்போவது என் உடம்பு.

இதைக் கெட்ட எண்ணம் என்று எழுதினால் எனக்கே வசதியாக இருக்கும், ஏனென்றால் கெட்ட எண்ணத்தை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடலாம். இது அதைவிடச் சாதாரணமானது. எங்கள் அலுவலகத்தில் பிழைகளின் பட்டியலில் 'தெரிந்த பிரச்சினை' என்று ஒரு வகை உண்டு. ஒரு பிழையை அந்த வகைக்கு மாற்றிய கணமே அது யாரையும் உறுத்துவதை நிறுத்திவிடும். பெயர் வைத்தாயிற்று, காரணம் தெரியும், தப்பிக்கும் வழியும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. வாடிக்கையாளர் அந்த வழியாகச் சுற்றிப் போய்க்கொள்வார். நான் அன்றைக்கு அம்மாவிடம் செய்ததும் அதுதான். விளக்கம் சொன்னேன், சுற்றுவழி சொன்னேன், வகை மாற்றினேன். பழகிப்போச்சு என்று அவள் சொல்வது பிரச்சினை குறைந்ததால் அல்ல. அதன் செலவு முழுவதும் அவள் கணக்குக்குப் போய்விட்டதால்.

செலவு எவ்வளவு இருந்திருக்கும்? சார்லஸ் டால்சியல் என்று ஒரு பேராசிரியர். பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பித்தவர். தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவில் அவர்களால் கையை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. ஒரு சாதாரண எல்இடி பல்புக்குப் போகிற மின்சாரமே இதைவிட அதிகம். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக அவர் உருவாக்கிய கருவியின் உறவுக்காரன்தான் இன்று நம் கடைகளில் ஆர்சிசிபி என்று கிடைப்பது. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். கையில் கம்பியைப் பிடித்த அந்தத் தன்னார்வலர்கள் தெரிந்து, சம்மதித்து, மேற்பார்வையில் பிடித்தவர்கள். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்ட அம்மாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கும் மேல் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள். அந்த எண்ணிக்கைக்குள் அவள் போகாமல் இருந்ததற்கு ஒரு பலகைத் துண்டைத் தவிர வேறு காரணம் இல்லை.

பட்டறைக்காக நான் வாங்கி வைத்திருந்த ஆர்சிசிபியை அண்ணன் கையில் புரட்டிப் பார்த்தார். "இது ரூமுக்கு மட்டுங்களா தம்பி?" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நான்தான் குத்திக்கொண்டேன். வீட்டு மெயின் போர்டுக்கு இன்னொன்று வாங்கி வந்தேன். இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆனது. புதிதாக எர்த் குழியும் போட்டோம்.

"போட்டுத் தாறேன். ஆனா கழட்டச் சொல்லி என்னையக் கூப்புடக் கூடாது," என்றார் அண்ணன். நிறைய வீட்டில் அப்படித்தானாம். மாட்டிய மறுவாரமே போன் வரும், சும்மா சும்மா விழுகிறது, எடுத்துவிடுங்கள் என்று.

எங்கள் வீட்டில் மறுவாரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் அம்மா கிரைண்டரைப் போட்டதும் வீடு முழுக்க அணைந்தது. ஏற்றினோம், மறுபடி விழுந்தது. அம்மாவுக்குக் கோபம். "இத்தன வருசம் ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சு. இதைப் போட்டதுல இருந்துதான் இப்படி."

ஒரு குறையும் இல்லாமல். அவளே பலகை போட்டு நின்ற வருடங்களைத்தான் அப்படிச் சொல்கிறாள். குறையை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கும்வரை, வீடு நன்றாக ஓடுவதாகத்தான் எல்லோருக்கும் தோன்றும், வாங்கிக்கொள்கிறவர் உட்பட. அது வெளியே வரும் நாளில், கொண்டுவந்ததுதான் குற்றவாளி ஆகும். அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன், பிழையை எழுதியவனைவிட அதைக் கண்டுபிடித்தவன்மேல்தான் முதலில் எரிச்சல் வரும்.

அண்ணன் வந்து கிரைண்டரைக் கவிழ்த்தார். வயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ் கழன்று போய், தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்து வைத்திருந்தது. அறுந்த இடத்தை வெட்டி எடுத்து, ஸ்லீவ் போட்டு, புது புஷ் மாட்டினார். பதினைந்து நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தமிழில் 'விளக்கு' என்றால் தீபம். ஒன்றைப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் விளக்குவதுதான். பாத்திரத்தின் கரியைத் தேய்த்து எடுப்பதும் விளக்குவதுதான். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும். மூன்றாவதற்குக் குனிய வேண்டும், கை அழுக்காகும். இதை எழுதும்போதும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. இந்தக் கட்டுரையும் இன்னொரு டெஸ்டர்தானா, நியான் எரிவதைப் பார்த்து மறுபடியும் சந்தோஷப்படுகிறேனா என்று. குற்றவுணர்வை அழகாக எழுதிவிட்டால் அதையும் 'தெரிந்த பிரச்சினை'யாக்கிவிடலாம். அதனால் கட்டுரைக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் பழகிப்போச்சு என்று யார் யார் எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் காதில் வாங்கினேன். மாடிப்படியின் நான்காவது படி. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள். அப்பா ராத்திரி எழுந்தால் தடவிக்கொண்டு போகும் நடையில் எரியாத விளக்கு. மூன்றும் முடிந்தது. அடுத்த வாரம் இன்னும் கிடைக்கும்.

பட்டறையில் விளக்கு நன்றாக இருக்கிறது. சக் ஓடும்போது ஓடுவதாகவே தெரிகிறது. ஒரு கிண்ணம் கடைந்தேன், கொஞ்சம் கோணல். அம்மா அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறாள். கிரைண்டர் இப்போது அடிப்பதில்லை, ஆனாலும் அவள் பலகையில்தான் நிற்கிறாள். எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் கண்ணு" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் உண்டு. அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது இறுகிப்போய், தேவைப்படும் நாளில் விழாமல் போகலாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அழுத்துகிறேன். டக்கென்று வீடு முழுக்க அணைகிறது. ஃபேன் சுற்றி ஓயும் சத்தம். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்.

"ஏங்கண்ணு, கரண்டு போயிருச்சா?"

"இல்லம்மா, நான்தான். பாத்தேன்."