வெள்ளத்துக்குப் பின் வரும் பொய்



வெம்பக்கோட்டையில் பிறந்த சிறு பிள்ளைக்கும் நெருப்பைப்பற்றிப் போதிக்க வேண்டியதில்லை. மருந்து அறைக்குப் போகிறவர்கள் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டுவது, ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாதிருக்கவே. அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தில் மனிதனுடைய நாவை நெருப்புக்கு ஒப்பிட்டார். இந்நாளில் அந்த நாவு நம் சட்டைப்பையில் இருக்கிறது. வேலைத்தலத்தில் அவ்வளவு பயந்து வெளியே வைத்த கைப்பேசியை, மாலையில் வீட்டில் எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாளுகிறோம்?

2015-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்துச் சென்னை மூழ்கிற்று. தாம்பரத்தில் மாத்திரம் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அச்சமயம், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றன என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவிற்று. ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையை நடத்துவோர் மறுக்க வேண்டியதாயிற்று. இன்னும் 250 சென்டிமீட்டர் மழை பெய்யுமென்று அமெரிக்க நாசா அறிவித்ததாக மற்றொரு செய்தி. நாசா அப்படி அறிவிக்கவேயில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, முல்லைப் பெரியாறு அணை உடைந்ததென்று குரல் பதிவொன்று பரவிற்று. அணை உடையவில்லை, உடைந்தது ஏற்கெனவே பயந்திருந்த ஜனங்களின் தைரியந்தான்.

"நான் கெட்ட எண்ணத்தோடா அனுப்பினேன்? நாலு பேருக்கு நன்மையாகட்டும் என்றுதானே!" என்பீர்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நான்காம் நாள், கடல் மறுபடியும் பொங்கக்கூடும் என்று மத்திய அரசிலிருந்தே எச்சரிக்கை வந்தது. கடலோரத்தார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; நிவாரண வேலை தடைப்பட்டது. அலை வரவில்லை. அந்நிய நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி விடுத்த எச்சரிக்கை அது. நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஆகையால் வைப்பாற்றில் தண்ணீர் ஏறும் நாளில் ஒரு செய்தி வந்தால், அனுப்புமுன் இவற்றைக் கேளுங்கள். சொன்னவர் யார்? "எனக்குத் தெரிந்த அதிகாரி" என்பது பெயராகாது. எந்த நாளில் சொன்னது? பழைய வெள்ளத்தின் படம் புது வெள்ளத்துக்கும் வரும். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? இருந்தால் அது பல கை மாறி வந்தது. "உடனே எல்லோருக்கும் அனுப்பு" என்று துரிதப்படுத்துகிறதா? பணம் கேட்கிறதா? சந்தேகமிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் பேசி விசாரியுங்கள். பேரிடரைப்பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்குகிறவருக்கு 2005-ம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையுமுண்டு.

ஆனால் சிறைக்குப் பயந்து மாத்திரம் உண்மை பேசுகிறவன் கிறீஸ்தவனல்ல. காலஞ்சென்ற பாப்பு பிரான்சிஸ் 2018-ல் பொய்ச் செய்தியைப்பற்றி எழுதுகையில், ஏதேன் தோட்டத்துச் சர்ப்பத்தை நினைப்பூட்டினார். அது பாதி உண்மையைக் காட்டியே ஏவாளை ஏமாற்றிற்று. எட்டாம் கற்பனை நம்மைத் தடுப்பது நீதிமன்றத்துப் பொய்ச் சாட்சியை மாத்திரமல்ல.

இனி ஒரு கடமை. களவாடினவன் மனஸ்தாபப்பட்டால் போதாது, பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதுபோல, பொய்யை அனுப்பிவிட்டோமென்று அறிந்தவர் அதைச் சத்தமின்றி அழித்துவிட்டால் போதாது. யார் யாருக்கு அனுப்பினாரோ அவரவருக்கு, "நான் அனுப்பியது தவறு" என்று எழுதவேண்டும். வெட்கமாயிருக்கும், அந்த வெட்கமே நல்ல பரிகாரம்.

தகப்பன்மாரே, தாய்மாரே, இன்றிரவு செபமாலை முடிந்தபின் உங்கள் பிள்ளைகளோடு இதைப்பற்றிப் பேசுங்கள். நம் காதுக்கும் அயலான் காதுக்கும் நடுவே, மருந்தறைகளுக்கு நடுவே விடுவதுபோல, கொஞ்சம் இடைவெளி விடுவோம். பொய்த் தீ அங்கே அணையட்டும்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.