உபகாரமும் சம்பளமும்

ஸ்காலர்ஷிப்பை இப்போது உதவித்தொகை என்கிறோம். என் அப்பா காலத்தில் அது உபகாரச் சம்பளம். பழைய சொல்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உபகாரம் என்றால் வாங்கியவன் நன்றியோடு இருக்க வேண்டும். சம்பளம் என்றால் வேலை செய்தால் போதும். வேறு இடத்தில் கூடக் கிடைத்தால் போய்விடலாம், யாரும் துரோகம் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டையும் ஒரே கவரில் போட்டு ஒரு பையன் கையில் கொடுத்தால் அவன் எதற்குக் கட்டுப்பட்டவன்? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் விதிகளைச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். ஐம்பது வருஷமாக அவர்கள் மல்லுக்கு நிற்பது இந்தக் கேள்வியோடுதான் என்று எனக்குப் படுகிறது.

கால்பந்து என்பது பேரளவில்தான். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பதும்தான் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆடுகிறவனுக்குக் கிடைத்து வந்தது படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. அவனை 'மாணவ விளையாட்டு வீரன்' என்று அழைக்கும் வழக்கத்தை 1950களில் பரப்பியவர் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நிர்வாகி வால்டர் பையர்ஸ். அடிபட்டவன் தொழிலாளி என்று நஷ்டஈடு கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சொல் அது என்று 1995இல் அவரே எழுதினார். ஆக, சம்பளம் என்ற பாதியை மறைப்பதில்தான் விஷயம் ஆரம்பிக்கிறது.

1973இல் ஒரு கல்லூரி அணி 105 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம் என்று உச்சவரம்பு வந்தது. 1978இல் அது 95. 1990களின் முற்பகுதியில் 85. இதன் நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். பணக்காரக் கல்லூரிகள், எதிரி அணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பெஞ்சில் உட்கார வைத்தன. உச்சவரம்பு என்றதும் நமக்கு நிலம் ஞாபகம் வரும். நிலத்தைப் பங்கிடும்போது நிலத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. இங்கே பங்கிடப்பட்டவர்கள் பத்தொன்பது வயசுப் பையன்கள். சமத்துவம் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையில். பையன் அதில் ஒரு எண்.

அதே 1973இல் இன்னொன்றும் நடந்தது. நாலு வருஷத்துக்கு என்று இருந்த ஸ்காலர்ஷிப்பை வருஷா வருஷம் புதுப்பிப்பது என்று மாற்றினார்கள். பல வருஷ ஸ்காலர்ஷிப் மறுபடி அனுமதிக்கப்பட்டது 2012இல்தான். இடைப்பட்ட காலத்தில் கல்லூரி வேண்டாம் என்றால் வருஷ முடிவில் நிறுத்திவிடலாம். பையன் வேண்டாம் என்று வேறு கல்லூரிக்குப் போனால், பொதுவாக ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். பயிற்சியாளருக்கு இந்தத் தண்டனை கிடையாது. 2009 டிசம்பரில், ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சின்சினாட்டி அணி பெரிய ஆட்டம் ஒன்றுக்குக் காத்துக்கொண்டிருக்கையில், பிரையன் கெல்லி நோட்ர் டாமுக்குப் போய்விட்டார். போகட்டும், அது அவர் உத்தியோகம். ஆனால் பையன் போனால் மட்டும் அது ஏன் விசுவாசக் கேடாகிறது?

நான் வங்கியில் குமாஸ்தா. கல்விக்கடன் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வருகின்றன. அசலும் வட்டியும் கட்டி முடித்தவனிடம் வங்கி நன்றியை எதிர்பார்ப்பதில்லை. செஞ்சோற்றுக் கடன் வேறு மாதிரி. கர்ணனுக்கு அது உயிரோடுதான் தீர்ந்தது. ஆனால் துரியோதனன் அங்க தேசத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஷரத்தோடு கொடுக்கவில்லை. கொடுக்கும்போது வங்கியின் பேரேட்டை வைத்துக்கொண்டு, திருப்பிக் கேட்கும்போது கர்ணனின் விசுவாசத்தைக் கேட்டார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

சோறே போடாதவர்களும் கடனைக் கேட்ட கதை ஒன்று உண்டு. பேக்கர் மேஃபீல்ட் 2013இல் டெக்ஸாஸ் டெக் அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடினார். 'வாக்-ஆன்' என்பார்கள்; அழைக்காமல் தானாக வந்து சேர்ந்தவர். அடுத்து ஒக்லஹோமாவுக்குப் போனார், அங்கும் அப்படியே. இரண்டும் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை என்பதால் ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்ததோடு, ஆட உரிமையுள்ள வருஷங்களிலும் ஒன்று கழிக்கப்பட்டது. 2016 ஜூனில், முதல் நாள் தோற்று மறுநாள் திருத்தத்தோடு நிறைவேறிய ஒரு தீர்மானத்தால்தான் அது திரும்பக் கிடைத்தது. திரும்பக் கிடைத்த அந்த 2017ஆம் வருஷத்தில் ஹெய்ஸ்மன் பரிசு பெற்றார். உபகாரமும் இல்லை, சம்பளமும் இல்லை. கட்டு மட்டும் இருந்தது. அப்படியானால் கட்டு நன்றியிலிருந்து பிறந்ததல்ல என்று ஆகிறது.

இன்று அந்தக் கட்டு பெரும்பாலும் அறுந்துவிட்டது. 2021இல் ஒரு முறை உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024இல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆயிற்று. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, அதை ஏற்கும் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சம் சுமார் 2 கோடி டாலர். விசுவாசம் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் அங்கே நிறைய. போக வழியில்லாதவன் இருந்ததை விசுவாசம் என்று எண்ணியது அவர்கள் தப்பு. கதவு திறந்த பிறகும் ஒருவன் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

இங்கேயே முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் அதே சமரசம் ஸ்காலர்ஷிப் வரம்பை எடுத்துவிட்டு, அணியில் மொத்தமே 105 பேர் என்று வேறு வரம்பை வைத்தது. முன்பு 85 பேருக்கு மேல் வாக்-ஆன்களும் சேர்ந்து 120க்கு மேல் இருந்த அணிகள் உண்டு. நடிகனுக்கு எதிரே நின்று வசனம் படித்துக்காட்டுகிறவனைப் போல, எதிரணியின் ஆட்டத்தைப் பயிற்சியில் ஆடிக்காட்டி அடி வாங்குவது அவர்கள் வேலை. கூலி கணக்கில் ஏறிய உடனே வெளியே அனுப்பப்பட்டவர்கள் கூலி கேட்காதவர்கள்தான். நீதிபதி இதைப் பார்த்து ஒப்புதலை நிறுத்திவைத்தார். நீக்கப்பட்டவர்களை வரம்புக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தம் வந்தது. 'லாம்'தான். வைத்துக்கொள்வது கல்லூரியின் இஷ்டம்.

சம்பளத்தைச் சம்பளம் என்று சொன்னது நியாயம்; அதிலிருந்து நான் பின்வாங்கவில்லை. ஆனால் நியாயமான கணக்கிலும் இடமில்லாத ஒருவன் இருக்கிறான். இத்தனை நாள் கல்லூரி பையனுக்கு உபகாரம் செய்ததாகவே பேசினார்கள். எனக்குத் தெரிந்து இந்த ஆட்டத்தில் உபகாரம் என்று ஒன்று நடந்திருந்தால், அது அவன் கல்லூரிக்குச் செய்ததுதான்.