புகையும் பாரம்பரியமும்

பீட் புகையூட்டிய சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றி இவ்வேட்டில் எழுதுவானேன் என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். குடிக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. அந்தப் புட்டியின் மேல் அச்சிடப்படும் ஒரு சொல்லே நம்மை நெடுநாளாக உறுத்தி வருகிறது. பாரம்பரியம் என்பது அச்சொல்.

ஸ்கொத்லாந்தின் மேற்கே ஐலா என்றொரு தீவுண்டு. விறகும் நிலக்கரியும் அரிதான அத்தீவின் குடியானவர்கள், சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடந்த தாவர மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, உலர்த்தி, எரித்தார்கள். அதுவே பீட். முளைவிட்ட வாற்கோதுமையை அந்நெருப்பில் காயவைத்தபோது தானியத்தில் புகை ஏறியது. வடித்த மதுவிலும் அது தங்கியது. வேறு எரிபொருளுக்கு வழியற்றவர்களின் அடுப்புப் புகைதான் அது. இன்றோ, 1815இல் தோன்றிய லஃப்ரோயிக் போன்ற வடிசாலைகள் அம்மணத்தை எண்ணி வைத்த புட்டிகளில் அடைத்து, தம் வரலாற்றையும் சேர்த்துப் பெருவிலைக்கு விற்கின்றன.

நிற்க. ஊவா மலைகளில் வாழ்வோருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நம் தேயிலையின் கதையும் இதுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாய் ஊவாவுக்குள் இறங்குகிறது. நீர் வற்றி வாடும் செடியின் கொழுந்தில் அப்போது மெதைல் சாலிசிலேற்று மிகுந்து, உலகச் சந்தை தேடிவரும் அந்தக் குளிர்ந்த மணம் பிறக்கிறது. (சுளுக்குக்குத் தடவும் தைலத்தின் மணமும் அதுவே. கொழுந்துக் கூடை சுமக்கும் முதுகுகளுக்கு அது வேறு வகையில் பழக்கமானது.) தோட்டத்தின் பெயரும் பருவமும் பொறித்த பெட்டியில், அதே பாரம்பரியம் என்ற சொல்லோடு அத்தேயிலை கப்பலேறுகிறது.

எவருடைய பாரம்பரியம்? அப்புத்தளையில் சொல்லப்படுவது தோமஸ் லிப்டனின் கதை. கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து உயர்ந்த அவர், 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் குன்று இன்று உல்லாசப் பயணிகளின் தலம். தொழிற்சாலையும் துரையின் பங்களாவும் பழைமை என்று போற்றப்படுகின்றன. வெள்ளையர் காலத்து லயங்களும் பழையவைதாமே? 10 அடிக்கு 12 அடி அறை. விறகடுப்பில் கறுத்த சுவர். இந்தப் புகைக்கு எந்தச் சந்தையிலும் விலையில்லை. லயத்தைப் பேணிக் காக்கும்படி நாம் கேட்கவில்லை. அதை இடித்துவிட்டுக் காணியும் வீடும் கொடுங்கள் என்கிறோம்.

குடியிலும் இதே இரட்டை அளவுகோல்தான். தவறணைகளுக்கு உரிமம் கொடுத்து வருமானம் திரட்டியது ஆங்கிலேய அரசு. 1912இல் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது அதனாலேயே. ஆயினும் தொழிலாளி தவறணைக்குப் போனால் ஒழுக்கக்கேடு. சீமான் புகை மணக்கும் கோப்பையை முகர்ந்து அதன் வயதைச் சொன்னால் இரசனை! தவறணையில் கரைந்த கூலியையும், அடுப்பு மூட்ட வழியின்றி அழுத பெண்களையும் நாம் அறிவோம். அத்தீங்கை மறைக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு நீதி வைத்துக்கொண்டு அதனை ஒழுக்கம் என்று அழைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் நல்ல சுவையை நுகர்வதே பாவமா என்று மாணவ நண்பர் கேட்பார். இல்லை. இலை வாடிய பதத்தை விரலால் அறிபவனும், முற்றிய இலையைத் தவிர்த்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளுபவளும் ஆக்கிய சுவை அது. அதைப் போற்றுவது அவர்களைப் போற்றுவதாகவும் இருக்கலாம். கொழுந்து பறிப்பவளின் படம் பெட்டியிலேயே இருக்கிறதே என்பர். ஆம், படம் இருக்கிறது. தேயிலைக்கு ஊவா என்று ஊர்ப்பெயர் இருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டார்கள். எஞ்சிய நாடற்றோருக்கு வழிசெய்யும் சட்டம் வர 2003 ஆயிற்று.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து போக அம்மக்களுக்கு வேறு காணியில்லை. தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்த அந்த மலையில் ஒரு சாண் நிலமும் அவர்கள் பெயரில் இருக்கவில்லை.