முதலில் வாசிக்கட்டும்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிளஸ் 2 மதிப்பெண். அந்த மதிப்பெண்ணுக்கான அடித்தளம் பதினேழு வயதில் விழுவதில்லை. ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆறு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நாளிலேயே விழுகிறது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, விசைத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் லாரிப் பட்டறையிலும் உழைப்பவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. அந்த இழப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலை அறிந்து குழுவாக்கிக் கற்பிக்கும் முறை இது. பின்தங்கிய பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், அது நிற்கும் இடத்திலிருந்தே கைப்பிடித்து அழைத்துச் செல்வதுதான் இதன் உயிர்.

மீதி வேலை நம்முடையது. சத்துணவில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறை எழுத்திலும் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை பற்றிப் பேசியபின் இதையும் கேளுங்கள்: “3ஆம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள்?”

தினமும் இரவில் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிக்கூடமே போகாத அம்மாவாலும் இது முடியும். கேட்கும் மனம் இருந்தால் போதும்.