நஷ்டஈடு தந்தால் நீதி தீர்ந்ததா?



ஓய்வுநாளில் செபக்கூடத்தில் சேசுநாதர் குணமாக்கிய சூம்பின கையனை அறிவீர்கள். சூம்பியிருந்தது வலது கை என்று அர்ச். லூக்காஸ் குறிப்பிடுகிறார். பழைய நசரேயக் கிறிஸ்தவர்கள் வாசித்துவந்த ஒரு நூலில், அவன் ஒரு கொத்தன் என்றும், பிச்சையெடுக்கும் வெட்கம் நேராதபடி குணம் தரவேண்டுமென மன்றாடினான் என்றும் இருந்ததாக அர்ச். எரோணிமூஸ் எழுதியிருக்கிறார். அந்நூல் வேதாகமத்தில் சேர்ந்ததன்று. ஆயினும் அந்த மன்றாட்டு உழைப்பாளி எவனுடைய மனதிலும் உள்ளதே. அவனுக்கு வேண்டியது தர்மமல்ல, தொழில்.

இயந்திரத்தில் விரல் இழந்தவனுக்கு நாம் எதைக் கடன்பட்டிருக்கிறோம்? 1923-ல் இந்நாட்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் திருத்தப்பட்ட அதன் அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100-க்கு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 என்று கணக்கிட்டது. இத்தகைய கணக்கு அவசியமே. ஆனால் காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடமும், "இவர் எங்கள் பட்டறை ஆள்" என்ற பேரும் எந்த அட்டவணையிலும் இல்லை.

"பணம் கொடுத்தாயிற்று, பழைய வேகம் இல்லாதவனை வைத்து எப்படித் தொழில் நடத்துவது?" என்பார் முதலாளி. சிறு பட்டறைக்காரரின் கஷ்டம் மெய்தான். பழைய இயந்திரத்திலேயே அவனை நிறுத்தும்படி யாரும் கேட்கவில்லை. சரக்கு எண்ணலாம், பரிசோதிக்கலாம், புதுப் பையன்களுக்குத் தொழில் கற்பிக்கலாம். முதலில் அரைநாள், பின்பு முழுநாள். 20 வருஷத்து அனுபவம் விரலோடு போய்விடுவதில்லை.

ஊழியத்தில் இருக்கையில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு நீக்கலாகாது, தகுந்த வேறு வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்றவேண்டும் என்று 2016-ம் வருஷச் சட்டம் அரசு ஸ்தாபனங்களுக்கு விதித்திருக்கிறது. நம் தெருப் பட்டறையை அந்த விதி கட்டாது, மனச்சாட்சி கட்டும். முழுப் பலமுள்ளவர்களை மட்டும் வேலைக்குச் சேர்ப்பது மனித மாண்புக்கு அடாது என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பைப்பற்றி 1981-ல் எழுதிய நிருபத்தில் போதித்தார்.

உடன் வேலை செய்வோரே, திரும்பி வருகிறவனைப் பரிதாபமாகப் பார்க்காதீர்கள். பாரமான பெட்டிக்கு ஒரு கை கொடுங்கள். வீட்டாரே, "நீங்கள் சும்மா இருங்கள்" என்று அன்பினாலும் அவரை முடக்கிவிடாதீர்கள். முதலாளிகளே, காயத்தாலோ நோயாலோ வீட்டிலிருக்கும் உங்கள் ஆளை இவ்வாரமே போய்ப் பாருங்கள். பழம் வாங்கிப்போவது நல்லதே. அதோடு, "உம்மால் இப்போது எது செய்யமுடியும்?" என்றும் கேளுங்கள்.

தச்சுத் தொழிலாளியான அர்ச். சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக.

உங்கள் பங்குக்குரு