வெள்ளையடித்தால் போகுமா?

விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்கு அருகே என் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். மகளின் நிச்சயதார்த்தத்துக்காக வீடு முழுவதும் புதிதாக வர்ணம் அடித்திருந்தார். நான் போன அன்று கூடத்துக் கூரை பால்போல் வெளுத்திருந்தது. மறுநாள் காலை அண்ணாந்து பார்த்தால், நடுவில் காபி சிந்தியது போல ஒரு கறை!

"மூன்றாம் தடவை, சார். அடிக்க அடிக்க வருகிறது" என்றார் நண்பர்.

வர்ணம் அடித்த பெரியவர் சிரித்தார். "தண்ணி எங்கே இறங்குதுன்னு பார்க்காம, கறை மேலேயே அடிக்கச் சொன்னா எப்படிங்க?"

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு மூலையில் மழைநீர் போகும் துவாரம் வேப்பஞ்சருகால் அடைபட்டிருந்தது. அங்கே தேங்கிய நீர் உள்ளே கசிந்து, உத்தரத்தின் வழியே ஊர்ந்து, நடுக்கூடத்தில் தலைகாட்டியிருக்கிறது. சுந்தரர் 12,000 பொன்னை இந்த ஊர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம். பொன்னுக்கு மட்டுமா அந்த வழி? ஓரிடத்தில் போட்டது வேறோரிடத்தில் வருகிறது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். புது வர்ணத்திலும் தண்ணீர் உண்டு. அது பழைய கறையைக் கரைத்து, காயும்போது தன்னோடு மேலே இழுத்து வருகிறது. மறைக்கப் பூசியதே கறையை அழைத்து வருகிறது!

எனக்குச் சுருக்கென்றது.

இருபது வருஷங்களுக்கு முன், அப்பா காலமான பிறகு, எங்கள் நிலத்தை நான்தான் விற்றேன். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த தம்பியிடம் விலையைக் குறைத்துச் சொன்னேன். மீதி என் கடனுக்குப் போயிற்று. பிறகு அவன் கல்யாணத்துக்கு நகை போட்டேன். அவன் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினேன். கூட்டிப் பார்த்தால், எடுத்ததற்கு மேலேயே கொடுத்திருப்பேன். ஆனால், "அண்ணா, நீங்கள் இல்லாவிட்டால்..." என்று அவன் கண் கலங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கறை மேலே வந்துவிடுகிறது.

கணக்குத்தான் தீர்ந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். பணக் கணக்கு தீர்ந்தது. ஆனால் அவனுக்குச் சேரவேண்டிய கடனை நான் தானமாகக் கொடுத்தேன். அவன் நன்றியையும் வாங்கிக்கொண்டேன். முதலில் திருடியது பணம்; அப்புறம் திருடியது அந்த நன்றி. இப்போது சொன்னால் அவன் நிம்மதி கெடாதா? அப்படித்தான் எனக்கு நானே இத்தனை காலமும் சொல்லி வந்தேன். நான் காப்பாற்றியது அவன் நிம்மதியையா, என் நல்ல பெயரையா?

மாலையில் ஒரு பீங்கான் பட்டறைக்குப் போனோம். குழைத்த மண்ணில் காந்தம் வைத்து இரும்புத் துகளை எடுக்கிறார்கள். விட்டுவிட்டால், சூளையில் வெந்த பின் அது கரும்புள்ளியாகிவிடும்; பிறகு எடுக்க வழியில்லை. மனிதனின் நிலை அவ்வளவு மோசமில்லை. கூரையைப் போல, அவனுக்கு இன்னும் வைத்தியம் உண்டு.

பெரியவர் அடைப்பை எடுத்தார்; வெடிப்பைப் பூசினார். நன்றாகக் காய்ந்த பின், சாராயத்தில் கரைத்த அரக்கைக் கறைமேல் ஒரு கை பூசி, அதன் பிறகே வர்ணம் என்று சொல்லிவிட்டார். அதற்குள் நிச்சயதார்த்தம் வந்துவிடுமே என்று நண்பர் தவித்தார். "வரட்டும் சார், கறை தெரிந்தால் தெரியட்டும்" என்றேன்.

அவருக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. விருத்தாசலம் சந்திப்பில் டிக்கெட் வாங்கும்போது கை நடுங்கியது. வீட்டுக்கு வாங்கவில்லை, தம்பி இருக்கும் சேலத்துக்கு வாங்கினேன்.